நாலு கட்டைச் சுருதி

ஆகஸ்ட் 28, வியாழன்

அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவை மட்டும் இல்லை. பக்கத்துத் தெரு ஜெயக்கொடி அக்கா, கோசலை அத்தை, மூன்று பேரையும். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்னால் கை கழுவ எழுந்தார்கள் என்பது குற்றம்.

முந்திரி உடைக்கிறவர்களின் கையைப் பார்த்திருந்தால்தான் இது விளங்கும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கறுத்துவிடும். சாம்பலைத் தேய்த்து, பிறகு சோப்பைத் தேய்த்து, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் பாதி போய்விடும். அரைகுறையாகக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தால் உதடு வெடிக்கும். கொஞ்சம் முன்னதாக எழ விடுங்கள் என்று பல மாதமாகக் கேட்டார்கள். இன்று கேட்காமலே எழுந்துவிட்டார்கள்.

அம்மா வந்து நின்றபோது நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. கம்பெனிக்குத்தான் சரியில்ல. நீ துணிய ஒதறிப் போடு, சுருங்கிக் கெடக்குது."

அப்பா போனதிலிருந்து இந்த வீடு அம்மாவின் கைகளில்தான் ஓடுகிறது. நான் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இப்போது மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். அதைக் கொண்டு வீடு நடத்த முடியாது என்பது கணக்கு தெரியாதவர்களுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையில் தோழர் ரெஜினா வந்தார். சங்கத்தில் இருப்பவர். எங்கள் பகுதியில் முந்திரிக் கம்பெனிப் பெண்களுக்கு என்ன பிரச்சினை என்றாலும் ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். கூட்டத்துக்குக் கூட்டம் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தகரத்தில் உரசிக்கொண்டு வெளியே வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி வாசலில் சரக்கு லாரியை மறிக்கப் போகிறார்கள். மூன்று பேரையும் திரும்ப எடுக்கும்வரை. பாதிப் பேர் வேலைக்குப் போவார்கள், பாதிப் பேர் வாசலில் இருப்பார்கள். வேலையை முழுதாக நிறுத்தினால் முதலாளி எல்லாரையும் அனுப்பிவிட்டு வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்துவிடுவார் என்று பயம்.

"ஒரு பாட்டு எழுதியிருக்கேன். நான் பாடினா காக்கா கூட உக்காராது. ஒம் பொண்ணு சங்கீதம் படிச்சவதானே தனபாக்கியம்?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அவ கடைக்காரன்கிட்ட வெங்காயம் அழுகலா இருக்குதுன்னு சொல்ல மாட்டா. வாசல்ல நின்னு பாடுவாளா?"

அம்மா சொன்னது உண்மைதான். பேருந்தில் இறங்கும் இடம் வந்தால்கூட எனக்கு வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஆனால் பாடும்போது கூச்சம் இருப்பதில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம்.

"பாடறேன்" என்றேன். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரெஜினா எழுதியது:

மூணு பேர வெளிய விட்டு மூடிக்கிட்ட வாசலே – நாங்க
முன்னால வந்து நிக்கிறோமே, தாழ்ப்பாளத் தூக்கலே!

இன்னும் ஆறு அடிகள் இருக்கின்றன. மெட்டு என் பொறுப்பு.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அம்பலவாணன் சார் வீட்டு வகுப்பு. மாவட்ட இசைப்பள்ளியில் அவரிடம் வாய்ப்பாட்டு படித்தேன். பட்டயம் வாங்கிய பிறகும் ஞாயிறுதோறும் வரச் சொல்கிறார். வானொலித் தேர்வுக்கு என்னைத் தயார் செய்கிறார்.

வகுப்பு முடிந்ததும் மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

"கம்பெனி வாசல்லயா?" என்றார். கோபம் இல்லை, வருத்தம்போல இருந்தது. "சங்கீதத்துக்குக் கட்சி கிடையாதும்மா. சுருதி சுத்தமா நிக்கறவனுக்கு மனசும் தானா நேராகும். கத்த வேண்டியதே இல்ல." சுருதிப் பெட்டியை மூடி வைத்தபடி, "உங்க முதலாளி தெய்வசிகாமணி யாருன்னு நெனச்சே? பன்னெண்டு வருஷம் மிருதங்கம் வாசிச்சவர். நம்ம சபாத் தலைவர். வயித்துப்பாட்டுக்குத் தொழில் பண்றாரு, மனசு முழுக்க இங்கதான் இருக்கு."

எனக்குத் தெரியும். போன வருடம் மாணவர் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பாடியதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரெஜினாவின் பாட்டைக் காபி ராகத்தில் போட்டேன். முதல் வரியைத் திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகப் பாட ஐந்து சங்கதி வந்தது. இரண்டாவது வரியில் 'முன்னால' என்ற இடத்தில் மேல் பஞ்சமம்வரை ஏறி இறங்கினால் நெஞ்சைப் பிடிக்கிறது. எனக்கே பிடித்திருந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பது பேர் இருப்பார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ரெஜினா கோஷம் போட, எல்லாரும் கையைத் தூக்கித் தூக்கிச் சொன்னார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பிறகு என்னை முன்னால் தள்ளினார்கள். செல்போனில் சுருதியை ஐந்தரைக் கட்டைக்கு வைத்தேன். அதுதான் என் சுருதி, மூன்று வருடம் தேடிப் பொருத்திய இடம். கண்ணை மூடிக்கொண்டேன்.

குரல் இன்று நன்றாக இருந்தது. அதை நானே சொல்லக் கூடாது. ஆனாலும் இருந்தது.

முதல் வரியை எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டு மூன்று குரல்கள் தொடங்கி நின்றுவிட்டன. நான் சங்கதிகளைப் போடப் போடச் சத்தம் அடங்கியது. அடுத்த அடி, அதற்கடுத்த அடி. 'வாசலே' என்ற சொல்லை வைத்துக்கொண்டு கொஞ்சம் விரித்துப் பாடினேன். பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் திருவிழாக் கச்சேரிக்கு உட்காருகிற மாதிரி, சம்மணம் போட்டு, புடவைத் தலைப்பை மடியில் சேர்த்துக்கொண்டு. கை தட்டினார்கள்.

மாடி வராந்தாவில் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை தொடையில் இருந்தது. தாளம் போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார்.

அவர்கள் உட்கார்ந்ததில் வாசலின் ஒரு பக்கம் காலியாகிவிட்டது. அந்த வழியாகச் சரக்கு லாரி மெதுவாக வெளியே போனது. அதை மறிப்பதற்குத்தான் நின்றிருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாட்ச்மேன் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தார். "ஐயா குடுத்தனுப்பினாரு. பாடின பாப்பாவுக்கு."

அதை வாங்கிக் குடித்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

செப்டம்பர் 3, புதன்

நேற்று வாசலுக்குப் போகவில்லை. இன்று அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். ரெஜினா என்னைப் பார்த்ததும் கும்பிடு போட்டார்.

"வாங்க வித்வான்! கச்சேரி பிரமாதம். முதலாளி மோர் குடுத்தனுப்பினாரு. லாரியும் பத்திரமாப் போய்ச் சேந்துடுச்சு."

ஜெயக்கொடி அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏய், விடுடி, பாவம். நான் கண்ணுல தண்ணி வச்சிக்கிட்டுக் கேட்டுக்கினு இருந்தேன். நாம எதுக்கு வந்தோம்னே மறந்துடுச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்." ரெஜினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "கோவிச்சுக்காத தங்கச்சி. நாங்க பாட்டு கேக்க வரல, பாட வந்தோம். நீ பாடினா யாருக்கும் வாய் தொறக்க மனசு வரல. இத்தினி வருசம் சங்கீதம் படிச்சா இப்படித்தான் ஆயிடுமா? மனுசங்க ரெண்டு சாதியா தெரிவாங்களா, பாடறவங்க ஒன்னு, கேக்கறவங்க ஒன்னுன்னு?"

நான் சாப்பாட்டுத் தூக்கை மூடித் திறந்து மூடினேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ரெஜினா சொல்வது நியாயமில்லை என்றுதான் முதலில் பட்டது. இசைப்பள்ளியில் எல்லாரும் ஒரே சரளி வரிசையில்தான் தொடங்கினோம். பெரிய ஜவுளிக்கடைக்காரர் மகளும் நானும் ஒரே இடத்தில் தப்பினோம், ஒரே திட்டு வாங்கினோம். ஒரே பாயில் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லை என்பதை நான் அங்கேதான் முதன்முதலில் உடம்பில் உணர்ந்தேன். கல்லூரியில்கூட அப்படி இல்லை. இதுவும் அரசியல்தானே? இதைச் சங்கீதம்தானே எனக்குக் கொடுத்தது?

ஆனால் அந்தப் பாயில் எத்தனை பேர் உட்கார முடிந்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை. கோசலை அத்தையின் மகள் என்னைவிட நன்றாகப் பாடுவாள். அவள் எட்டாவது முடித்ததும் அம்மாவோடு உடைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, வியாழன்

சார் போன் செய்தார். சார் எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை.

முதலாளிக்கு வருகிற மாதம் அறுபதாம் கல்யாணமாம். சாயங்காலக் கச்சேரிக்கு என்னைப் பாடச் சொல்ல வேண்டும் என்று பிரியப்படுகிறாராம். சபாவில் தனிக் கச்சேரியும் தருவாராம். "அப்புறம் இன்னொன்னும்மா. உங்கம்மா இன்னார்னு அவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாம். இந்த மாதிரி ஒரு குரல் இருக்கற வீட்டுல அடுப்பு அணையக் கூடாதுன்னாரு. உங்கம்மாவ நாளைக்கே வரச் சொல்றாரு."

"மத்த ரெண்டு பேரும் சார்?"

"அது அவர் தொழில் விஷயம். நமக்கெதுக்கு?"

அம்மாவிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் சொல்ல முடியவில்லை. அம்மா வாசலிலிருந்து வந்ததும் படுத்துவிட்டாள். வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து தலைவலி. தைலம் தேய்த்துவிட்டேன். வேலைக்குப் போகாத ஒரு வாரத்தில் அம்மாவின் விரல்களில் கறுப்பு உரிந்து அடியில் சிவப்புத் தோல் தெரிகிறது. குழந்தையின் விரல்போல இருக்கிறது.

வாசலில் கூட்டம் குறைந்துவிட்டதாம். முப்பது பேர்கூட இல்லையாம்.

சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பெருக்கல் கணக்கு. அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த ராகத்தை விரிவாகப் பாடினால் பொருத்தமாக இருக்கும் என்று சும்மா யோசித்துப் பார்த்தேன். சும்மாதான்.

செப்டம்பர் 6, சனி

கோசலை அத்தை வீட்டுக்கு வந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அத்தை கதவருகிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல பாப்பா. ஊட்டுக்காரரு, போய்க் கால்ல உயுந்து வேலைய வாங்கிக்கோன்றாரு. போலாமான்னு தோணுது. அப்புறம் உங்கம்மாவ நெனச்சுக்குவேன். அவ இருக்கறப்ப நான் போனா நல்லாருக்குமா? அந்த ஒரு தெம்புதான்."

காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அத்தை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சார் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"வாம்மா, வா. உன் பாட்டு ஒரு வாரமா காதுலயே நிக்குது" என்றார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. மாடி வராந்தாவில் பார்த்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். "காபியில அந்த நிஷாதத்த விட்டுப் பிடிச்சே பாரு, யாரு சொல்லிக்குடுத்தா? இவரா? பொய். அது உனக்கே வந்தது."

அது எனக்கே வந்ததுதான். இதுவரை யாரும் அதைக் கவனித்துச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது. இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

"உங்கம்மாவ வரச் சொன்னேனே, ஏன் இன்னும் வரல?"

எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "மத்த ரெண்டு பேரும்..." என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவருக்குக் கோபம் வரவில்லை. என்னை உட்காரச் சொன்னார். "இங்க பாரும்மா, நீ சங்கீதம் தெரிஞ்சவ, உனக்குச் சொன்னாப் புரியும். நூத்தம்பது பேரு ஒன்னா வேலை செய்யற எடம். அது தாளம் மாதிரி. ஒருத்தர் அவசரப்பட்டு முன்னாடி எடுத்துட்டா அப்புறம் எல்லாருமே தடுமாறிடுவாங்க. எடுப்பு எங்கன்னு ஒருத்தர்தான் சொல்லணும். எங்க வாத்தியார் கை தப்பினவன எழுப்பி வெளிய நிறுத்துவார். நானே நின்னிருக்கேன். அதுல எனக்கு வருத்தமே கெடையாது, அதனாலதான் கை நேராச்சு."

சார் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. அதை அவர் நம்பித்தான் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்தவரை எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தெருமுனை வந்த பிறகுதான் தோன்றியது: வெளியே நின்ற பையன் மறுநாள் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான். அவன் கை வெந்து போயிருக்காது. அவன் வெளியே நின்ற அன்று அவன் வீட்டில் சோறு நின்றிருக்காது.

ரெஜினா கேட்ட கேள்விக்கு இதுதான் பதிலோ என்னவோ. சங்கீதம் முதலாளியையும் மாற்றியிருக்கிறது, என்னையும் மாற்றியிருக்கிறது. அவர் தாளத்தை எடுத்துக்கொண்டு போய்க் கம்பெனி நடத்துகிறார். நான் என்னத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சொன்னாரு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

அவ்வளவுதான். குண்டானைக் கவிழ்த்து வைத்தாள், கரண்டிகளை அலசினாள். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ அங்க பாடறதும் பாடாததும் உன் இஷ்டம். அந்த ஆளு நல்லாத்தான் தாளம் போடறாரு, நானும் பாத்தேன். ஆனா என் வேலைய நீ பாடி வாங்கிக் குடுக்காத. நாளைக்கு உனக்குத் தொண்ட கட்டிச்சுன்னா என்னத் திரும்ப வெளிய அனுப்புவாரு."

நான் அழ ஆரம்பித்ததும், "இன்னாத்துக்கு இப்ப?" என்றாள். "நாலு நாளு வயித்துல வச்சிக்கினு இருந்தியே, அதுவே போதும். சாப்பிட்டியா?"

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலேயே வாசலுக்குப் போனேன். இருபத்தைந்து பேர்தான் இருந்தார்கள். எதிரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினாவிடம் போய், ஒவ்வொருவராகப் பாடச் சொல்ல வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"யாருக்கு எதுவரைக்கும் எட்டுதுன்னு பாக்கணும்."

செல்போனில் சுருதியைப் போட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்தேன். நான் 'ஆ' என்று ஒரு சுரம் பிடிப்பேன், அவர்கள் அதைப் பிடிக்க வேண்டும், பிறகு படியேறுகிற மாதிரி மேலே. முதலில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னாடி இது, தொண்டைக்கு எக்ஸ்ரேவா?" என்றார் ஜெயக்கொடி அக்கா. ஆனால் அவர்தான் முதலில் பாடினார்.

என் ஐந்தரைக் கட்டையில் மேல் சட்ஜத்திலேயே முக்கால்வாசிப் பேருக்குக் குரல் உடைந்தது. அதற்குமேல் பஞ்சமம்வரை நான் ஏறி இறங்கியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்து கட்டைக்கு இறக்கினேன். பிறகு நாலரை. நாலு கட்டைக்கு வந்தபோது கோசலை அத்தை கண்ணை விரித்து, "இது வருது பாப்பா" என்றார்.

டீக்கடை பெஞ்சில் ஏழுமலை அண்ணன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறவர்களில் மூத்தவர். அவர்கள் இதுவரை எந்தப் பக்கமும் சாயவில்லை. "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டார்களாம்.

"இன்னா பாப்பா, எல்லார் தொண்டையும் அளக்கற. என்னுத அளக்க மாட்டியா?"

"பாடுங்கண்ணே" என்றேன். அவர் எதிர்பார்க்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு டீ கிளாசைக் கீழே வைத்தார். கட்டைக் குரல், ஆனால் சுருதி விலகவில்லை. ஐந்தரையில் அவருக்கு இடமே இல்லை. கீழே போனால் முனகலாகிறது, மேலே போனால் கத்தலாகிறது. நாலு கட்டையில் அவரும் பெண்களும் ஒரே இடத்தில் நின்றார்கள்.

மெட்டை உட்கார்ந்து வெட்டினேன். சங்கதிகள் போயின. மேலே ஏறுகிற இடங்கள் போயின. மிஞ்சியது குழந்தைகூடப் பாடிவிடும்.

ரெஜினா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?"

"அவங்கவங்க சுருதிய விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்க."

"அது தப்பா?"

"தப்பில்ல. தனியாப் பாடறப்ப அதுதான் சரி."

செப்டம்பர் 9, செவ்வாய்

நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். நேற்று தொண்டை அளந்த கதை ஊரெல்லாம் பரவி, தங்களையும் அளக்க வேண்டும் என்று சிலர் வந்தார்கள்.

நாலு கட்டையில் எடுத்தேன். என் குரலுக்கு அது பள்ளம். வரி கீழே இறங்குகிற இடங்களில் வெறும் காற்றுதான் வருகிறது. சார் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். முதல் வரியை நான் பாடி முடிப்பதற்குள் ஜெயக்கொடி அக்கா சேர்ந்துகொண்டார், பிறகு எல்லாரும். இரண்டாவது தடவையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணை மூட மறந்துவிட்டேன். மூடியிருந்தால் கோசலை அத்தை பாடியதைப் பார்த்திருக்க மாட்டேன். கழுத்து நரம்பு புடைக்க, யாரையோ நேருக்கு நேர் கேட்பதுபோலப் பாடினார்.

சுருதி அங்கங்கே விலகியது. தாளம் ஓடியது. எண்பது பேருக்கு ஒரு தாளம், இருபது பேருக்கு ஒரு தாளம். அதையெல்லாம் என் காது குறித்துக்கொண்டே இருந்தது. அந்தக் காதைக் கழற்றி வைக்க முடியாது. அது அப்படியே இருக்க, நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

எட்டு அடிகளும் தீர்ந்துபோயின. நிறுத்த யாருக்கும் மனமில்லை. அப்போது அம்மா எழுந்தாள். என் அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. என்னைத் தூங்க வைத்ததுகூட முதுகில் தட்டித்தான்.

மேள தாளம் கத்துக்கிட்ட மேல்மாடிக் காதுக்கு – இந்த
வெந்த கையி போடுந்தாளம் வெளங்கலியே ஏனுங்க!

ஒரே ஆரவாரம். அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். உள்ளே லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கம்பிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஏழுமலை அண்ணன் முதுகில் மூட்டையோடு வாயசைத்துக்கொண்டே நடந்தார். அடுத்த நடையில் சத்தமாகவே பாடினார். கூட இருந்த ஆட்களும் பாடினார்கள். ஆண் குரல்கள் சேர்ந்ததும் பாட்டின் அடி கனத்தது. பிறகு ஏழுமலை அண்ணன் மூட்டையை லாரியில் போடாமல் தரையில் இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவராக மற்றவர்களும்.

மேலாளர் ஓடிவந்து என்னவோ கத்தினார். "இருங்க சார், இந்த அடி முடியட்டும்" என்றார் ஏழுமலை அண்ணன்.

இன்று லாரி போகவில்லை.

மாடி வராந்தாவில் நாற்காலி காலியாக இருந்தது. மோர் வரவில்லை.

செப்டம்பர் 10, புதன்

மூட்டை ஏற்றுகிறவர்கள் இன்றும் ஏற்றவில்லை. மத்தியானம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். ரெஜினா, அம்மா, ஏழுமலை அண்ணன் மூவரும் உள்ளே போனார்கள். போகும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "அரிசிய ஊற வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டாள். வைக்கவில்லை.

வெளியே வரச் சாயங்காலமாகிவிட்டது. நிறுத்தப்பட்ட மூன்று பேரும் நாளையிலிருந்து வேலைக்கு வரலாம். கை கழுவும் நேரத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அதை எழுதித் தரவில்லை.

"அதுக்கு இன்னொரு பாட்டு எழுதணும்" என்றார் ரெஜினா. கோசலை அத்தை எதையும் காதில் வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தெரியாத அந்த நாலு நாட்களைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

அம்மா வேலைக்குப் போனாள். நான் அரிசி ஊற வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். சார் கதவைத் திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை வாசலில் பாடிக் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. மேலே போகும்போது உரசியது. சார் இரண்டு தடவை நிறுத்தி வெந்நீர் குடிக்கச் சொன்னார். வாசலில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், எல்லாருக்கும் எட்டுகிற சுருதி எது என்று ஒரு நாள் முழுக்கத் தேடினேன், அந்தக் காதை நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

கிளம்பும்போது சார் தொண்டையைச் செருமினார்.

"உங்கம்மா வேலைக்குப் போயிட்டாங்களாமே. சந்தோஷம். அந்த அறுபதாம் கல்யாணக் கச்சேரி... நீ பாடினாத் தேவலைன்னுதான் இன்னும் சொல்றாரு. ஆனா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லிடட்டுமா?"

"நான் பாடறேன் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே உனக்கு அவசியம் இல்லையேம்மா."

"அதனாலதான் சார்."